காது ஒழுகுகிறதா? கவனியுங்கள்!

குழந்தைக்குக் காது குத்துவதென்றால் எங்கள் கீரனூர்ப் பக்கத்தில் அது ஒரு சிறு கல்யாணம் போலத்தான். தாய்மாமன் சீர் கொண்டு வருவார், பந்தல் போடுவார்கள், ஒலிபெருக்கி கட்டுவார்கள், மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்து, அது வீறிட்டு அழ அழத் தோடு போடுவார்கள். காது மடலுக்கு இத்தனை சிறப்புச் செய்யும் நாம், அந்தக் காதின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் ஏனோ எண்ணிப் பார்ப்பதில்லை. கண்ணில் ஒரு தூசி விழுந்தால் வீடே கூடிவிடுகிறது. காதில் சீழ் வடிந்தாலோ, "சளிதான், தானே நின்றுவிடும்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். வள்ளுவப் பெருந்தகை 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அந்தக் கேள்வி உள்ளே நுழையும் வாசல், பேசப் பழகும் வயதிலேயே அடைபட்டுப் போனால் அந்தக் குழந்தையின் நிலை என்ன?

எங்கள் வீட்டிலும் காதைக் கவனியாமல்தான் இருந்தோம். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆயினும் பிறருக்குப் பயன்படுமே என்று எழுதுகிறோம்.

அக்காள் தங்கை நாங்கள் இருவர். இருவரும் இப்பள்ளியில்தான் படிக்கிறோம். எங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவன் எங்கள் தம்பி. ஒன்றரை வயதில் அவனுக்கு முதன்முதலாகக் காதில் சீழ் வந்தது. இரண்டு நாள் காய்ச்சல், இரவெல்லாம் அழுகை, மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் தலையணையில் மஞ்சள் கறை. சீழ் வந்ததும் அழுகை நின்றது, காய்ச்சலும் இறங்கியது. "கெட்ட நீரெல்லாம் வெளியேறிடுச்சு, இனிமே ஒண்ணும் இல்ல" என்றார் அப்பாயி. வீடே நிம்மதி அடைந்தது. அந்த நிம்மதிதான் எங்கள் முதல் தவறு.

அதன்பின் சளி பிடிக்கும்போதெல்லாம் காதும் ஒழுகத் தொடங்கியது. அப்பாயி நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து இரண்டு சொட்டு விடுவார். நாங்களும் தம்பியின் கையையும் காலையும் பிடித்துக்கொள்வோம். சில சமயம் அப்பா மருந்துக் கடையில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கி வருவார். சில நாளில் நின்றுவிடும். அடுத்த சளிக்கு மறுபடியும் வரும். எத்தனை முறை வந்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

மூன்று வயது ஆனபோது அவன் கூப்பிட்டால் வருவதில்லை. "தட்டை எடுத்து வா" என்றால் சட்டையை எடுத்து வந்து நிற்பான். தொலைக்காட்சிக்கு முன்னால் மூக்கு முட்டும் அளவு நெருங்கி உட்காருவான். "செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி இருக்கானே!" என்று அத்தை சொல்ல, எல்லோரும் சிரித்தோம். சிரித்தோமே தவிர, அந்தப் பழமொழி உண்மையாகவே இருக்கக்கூடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் மாலை தெருவில் அவனுக்குப் பின்னால் ஒரு சரக்கு வண்டி வந்தது. திண்ணையிலிருந்து எத்தனையோ முறை கத்தினோம், அவன் நகரவில்லை. ஓடிப்போய் இழுத்து வந்தோம். பயமும் கோபமுமாக, சொன்ன பேச்சைக் கேட்காததற்குத் தண்டனையாக அவன் காதைப் பிடித்துத் திருகினோம். சீழ் வடியும் காதை.

உண்மையைக் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல; அங்கன்வாடி ஆசிரியை. ஒருநாள் அம்மாவிடம், "பையன் நம்ம பேசுறதக் கேக்குறதில்லைக்கா, வாயத்தான் பாக்குறான். மொதல்ல காதக் காட்டுங்க" என்றார். மருத்துவமனையில் பார்த்தபோது வலக் காதில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது; இடக் காதில் செவிப்பறையிலேயே ஓட்டை இருந்தது. அங்கு மருத்துவர் அம்மாவுக்குச் சொன்னவற்றையும், பின்னர் நாங்கள் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் இனிக் கூறுகிறோம்.

காதுக்குப் புறச்செவி, நடுச்செவி, உட்செவி என்று மூன்று பகுதிகள் உண்டென்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். புறச்செவிக்கும் நடுச்செவிக்கும் இடையே மத்தளத்தின் தோல் போல இழுத்துக் கட்டப்பட்டிருப்பதே செவிப்பறை. அதற்குப் பின்னால் காற்று நிரம்பிய ஒரு சின்னஞ்சிறு அறை, அதுவே நடுச்செவி. அங்கேதான் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று எலும்புகள் இருக்கின்றன. அங்கவடி எலும்பு மூன்று மில்லிமீட்டர் அளவுதான். நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அதுதான்.

இந்த அறைக்கு வெளியே செல்ல ஒரு வழி உண்டு. அது காதுப்பக்கம் இல்லை. மூக்கின் பின்புறத்திற்குச் செல்லும் மெல்லிய குழல். 16ஆம் நூற்றாண்டில் இதனை விரிவாக எழுதிய இத்தாலிய மருத்துவர் யூஸ்டேக்கியின் பெயரால் இதை ஊஸ்டேக்கியன் குழல் என்கிறோம். நாம் எச்சிலை விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் இக்குழல் திறந்து, நடுச்செவிக்குள் காற்றை விட்டு, அங்குள்ள நீரையும் வடித்துவிடுகிறது. மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது காது அடைத்துக்கொண்டு, விழுங்கியதும் 'டப்' என்று திறப்பது இதனால்தான்.

சூட்சுமம் இக்குழலில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு இது சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம். மூக்கை நோக்கி நன்றாகச் சரிந்து இறங்குகிறது. கைக்குழந்தைக்கோ நீளம் ஏறத்தாழப் பாதிதான். சரிவும் மிகக் குறைவு, ஏறக்குறைய படுக்கைவாட்டில் கிடக்கிறது. சரிவு இல்லாத சாக்கடையில் தண்ணீர் ஓடாமல் தேங்குவதை நம் தெருக்களில் பார்க்கிறோம் அல்லவா? குழந்தையின் காதிலும் அதுவே நடக்கிறது. சளி பிடித்தால் குழலின் வாய் வீங்கி மூடிக்கொள்கிறது. நடுச்செவியில் நீர் தேங்குகிறது. மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்த நீரில் பெருகிச் சீழாக்குகின்றன. ஆகவே காதில் வரும் நோய் பெரும்பாலும் காது வழியாக வருவதில்லை. மூக்கு வழியாகவே வருகிறது. குளிக்கும்போது தண்ணீர் புகுந்ததால்தான் சீழ் வந்தது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். செவிப்பறை முழுமையாக இருந்தால் தண்ணீர் அதைத் தாண்டி நடுச்செவிக்குப் போகவே முடியாது. ஓட்டை விழுந்த காதுக்குத்தான் தண்ணீர் பகை.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை இத்தொல்லை மிகுதியாக வருகிறது. குழந்தை வளர வளரக் குழலும் நீண்டு சரிவு பெறுவதால், பள்ளிக்கூட வயதில் தானாகவே குறைகிறது. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் வளரும்வரை காதில் என்னென்ன கெட்டுப்போகும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

பேசத் தெரியாத குழந்தைக்குக் காது வலிக்கிறது என்று நாம் எப்படி அறிவது? சளி பிடித்த இரண்டு மூன்று நாளில் திடீரென்று காய்ச்சல் ஏறும். பகலில் சுமாராக இருக்கும் குழந்தை, இரவில் படுக்கவைத்ததும் துடித்து அழும். தூக்கித் தோளில் போட்டால் சற்றே அடங்கும். படுத்தால் காதினுள் அழுத்தம் கூடுவதே காரணம். பால் குடிக்கத் தொடங்கி, இரண்டு மிடறு விழுங்கியதும் வாயை எடுத்துவிட்டு அழும். விழுங்கும்போது வலி குத்துகிறது. காதைப் பிடித்து இழுப்பதும் ஓர் அறிகுறியே. ஆயினும் பல் முளைக்கும்போதும், தூக்கம் வரும்போதும், சும்மா விளையாட்டுக்கும் குழந்தைகள் காதை இழுக்கும். அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

அழுத்தம் தாங்காமல் செவிப்பறை கிழியும்போது சீழ் வெளியே வருகிறது. கட்டி உடைந்தாற்போல வலி உடனே குறைகிறது. அப்பாயி கண்ட நிம்மதி இதுதான். கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். இது இறைவன் நம் உடலுக்குத் தந்திருக்கும் பெரிய வரம். ஆனால் திரும்பத் திரும்பக் கிழிந்தால் ஒரு கட்டத்தில் அது மூடாமல் நின்றுவிடுகிறது. பிறகு வலியே இல்லாமல், காய்ச்சலே இல்லாமல், மாதக்கணக்கில் சீழ் மட்டும் வடியும். வலி இல்லாத காரணத்தால் வீட்டிலும் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. வலிக்கும் காதைவிட வலிக்காமல் ஒழுகும் காதுதான் அபாயமானது என்று மருத்துவர் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் நம் தமிழகக் கிராமப்புறக் குழந்தைகளின் காதுகளைச் சோதித்து 1999ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 6 குழந்தைகளுக்கு நாட்பட்ட காதுச்சீழ் இருந்தது. ஒரு நாட்டில் இது நூற்றுக்கு 4க்கு மேல் போனாலே அதை உடனே கவனிக்க வேண்டிய பெரும் சுகாதாரச் சிக்கலாக உலக சுகாதார நிறுவனம் கருதுகிறது. உலகம் முழுவதும் இப்படிக் காது ஒழுகுவோர் 6½ கோடி முதல் 33 கோடி வரை இருக்கலாம் என்று அதே நிறுவனம் 2004இல் கணித்தது. அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பாருங்கள்! ஒழுகும் காதை யாரும் சரியாக எண்ணுவதே இல்லை போலும்.

ஆங்கில இலக்கியத்தில் 'மகிழ்ச்சியான இளவரசன்' கதையை எழுதிய ஆஸ்கார் ஒயில்டை நம்மில் பலர் அறிவோம். அவர் 1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் 46ஆம் வயதில் இறந்தார். காதில் இருந்த நாட்பட்ட நோய் மூளையை மூடியிருக்கும் சவ்வுக்குப் பரவியதே காரணம் என்று மருத்துவ வரலாறு எழுதியோர் பலர் கூறுகின்றனர். இதில் வேதனை என்னவென்றால், அவருடைய தந்தையார் வில்லியம் ஒயில்டு டப்ளின் நகரில் புகழ்பெற்ற காது மருத்துவர். அக்காலத்தில் பென்சிலினும் இல்லை, பிற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இல்லை. இன்று இருந்தும் நாம் பூண்டு எண்ணெயைத் தேடுகிறோம்.

எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எண்ணெய், தாய்ப்பால், துளசிச்சாறு, வேறு பச்சிலைச் சாறுகள் என்று வீட்டுக்கு வீடு ஒன்றை விடுகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. குழந்தை துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வருவதில்லை. ஆனால் முழுமையான செவிப்பறைக்கு இந்தப் பக்கம் விடும் எண்ணெய், அந்தப் பக்கம் இருக்கும் சீழை எட்டவே எட்டாது. செவிப்பறை ஓட்டையாக இருந்தாலோ எட்டிவிடும். எட்டிக் கெடுதியே செய்யும். ஈரமும் பிசுக்கும் சேர்ந்த இடத்தில் கிருமிகளும் காளானும் நன்றாக வளர்கின்றன. சூடு சரியாக ஆறாத எண்ணெய் சுட்டுவிடுவதும் உண்டு. எங்கள் அப்பாயியிடம் இதை மருத்துவரே பொறுமையாக விளக்கினார். "எங்க காலத்துல எல்லாருக்கும் இதானே ஊத்துனோம்" என்று அப்பாயி சொன்னார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க சின்னம்மா மகனுக்கு ஒரு காது கேக்காமலே போச்சு" என்றும் சொன்னார்.

ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி, கோழி இறகு ஆகியவற்றைக் காதுக்குள் விடுவதும் தவறு. கடையில் விற்கும் பஞ்சுக் குச்சியும் இவற்றோடு சேர்ந்ததே. மருத்துவர் பார்க்காமல் கடையில் வாங்கும் சொட்டு மருந்தும் ஆபத்தானது. செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது சிலவகைச் சொட்டு மருந்துகள் உட்செவிக்குச் சென்று, கேட்கும் நரம்பு முனைகளையே கெடுத்துவிடக்கூடும்.

அப்படியானால் என்னதான் செய்வது? குழந்தைக்குக் காய்ச்சலும் வலியும் இருந்தால் எடைக்கு ஏற்ற அளவு பாராசிட்டமால் கொடுத்து வலியை முதலில் தணிக்கலாம். அளவை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காதைக் காட்ட வேண்டும். விளக்கு வைத்த சிறு கருவியால் மருத்துவர் செவிப்பறையைப் பார்ப்பார்; சிவந்து புடைத்திருந்தால் நோய் என்று அறிவார். எல்லாக் குழந்தைக்கும் உடனே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படுவதில்லை. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு நோய் கடுமையாக இல்லை என்றால், இரண்டு மூன்று நாள் வலி மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்திருக்கச் சொல்வதும் உண்டு. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு அப்படிக் காத்திருக்கக் கூடாது. மருந்து எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள்வரை முழுவதும் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாள் அழுகை நின்றுவிட்டது என்று பாட்டிலை மூடி அலமாரியில் வைத்து, அடுத்த சளிக்கு எடுத்துக் கொடுத்தோமே, அது எங்கள் இரண்டாம் தவறு. கரைத்து வைத்த மருந்து சில நாளில் வீணாகிவிடும் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

சீழ் வடியும் காதுக்கு முதல் மருத்துவம் அதை உலர்வாக வைப்பதே. இதை வீட்டிலேயே செய்யலாம். எங்கள் தம்பிக்கு இதைச் செய்வது எங்கள் வேலை. துவைத்து வெயிலில் காயவைத்த மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியைச் சிறு துண்டுகளாக்கி, அகல்விளக்குத் திரி போல முறுக்கிக்கொள்வோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, திரியின் நுனியைக் காதுக்குள் மெதுவாக வைப்போம். குத்தித் தள்ளக் கூடாது. திரி சீழை உறிஞ்சியதும் எடுத்து எறிந்துவிட்டு வேறு திரி வைப்போம். திரி நனையாமல் உலர்ந்து வரும்வரை இப்படிச் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. அதன் பிறகே மருத்துவர் தந்த சொட்டு மருந்து. சீழ் நிறைந்த காதில் சொட்டு மருந்தை விட்டால் அது உள்ளே போகாமல் வழிந்துவிடும். மருந்துப் புட்டியைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிக்கொண்டால் குழந்தைக்குத் தலைசுற்றல் வராது. ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சொட்டு விட்டு, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை நான்கைந்து முறை அழுத்திவிட வேண்டும். பின் சில நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். மூன்று வயதுப் பையனைச் சில நிமிடம் அசையாமல் படுக்கவைப்பது பத்தாம் வகுப்புக் கணக்கைவிடக் கடினம். கதை சொல்லித்தான் சமாளித்தோம். அதுவும் கேட்கும் காதுக்கு அருகில் சென்று சொல்ல வேண்டியிருந்தது.

வேலை முடிந்ததும் காதைப் பஞ்சால் அடைத்து வைக்கக் கூடாது. குளிக்கும்போது மட்டும் வாசலின் தடவிய பஞ்சைக் காது வாயிலில் வைத்து, குளித்ததும் எடுத்துவிட வேண்டும். காது உலரும்வரை குளத்திலும் கிணற்றிலும் இறங்கலாகாது.

காதின் பின்புறம் வீங்கி, சிவந்து, மடல் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று பொருள். ஓயாத வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, முகம் ஒரு பக்கம் கோணுதல், நடை தள்ளாடுதல் இவற்றில் எது கண்டாலும் 108 வண்டியை அழைக்கத் தயங்கக் கூடாது.

மருத்துவர் அம்மாவைக் கேட்ட முதல் கேள்வி, "இதுவரை எத்தனை தடவை வந்திருக்கிறது?" என்பதே. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா அப்பாயியைப் பார்த்தார். அப்பாயி எங்களைப் பார்த்தார். ஆறு மாதத்தில் மூன்று முறையோ, ஓராண்டில் நான்கு முறையோ வந்தால் அது 'திரும்பத் திரும்ப வரும் காது நோய்'. அதற்குத் தனிக் காரணம் ஏதேனும் உண்டா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் ஆராய்ந்து பார்க்க வேண்டும். மூக்கின் பின்னே அடினாய்டு என்னும் சதை பெருத்திருக்கலாம். அத்தகைய குழந்தை வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கும். ஒவ்வாமை இருக்கலாம்; அண்ணத்தில் பிளவு இருக்கலாம். அன்று முதல் மளிகைக் கடையில் கொடுத்த மாத நாட்காட்டியில், காது ஒழுகும் நாளில் 'கா' என்று சிவப்பு மையால் எழுதி வருகிறோம். வலமா இடமா என்பதையும் குறிக்கிறோம்.

திரும்ப வராமல் தடுக்க வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைக்குக் காது நோய் குறைவாக வருகிறது. புட்டிப்பால், சங்கு, பாலாடை எதுவானாலும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டாமல், தலையை உயர்த்தி வைத்துப் புகட்ட வேண்டும். இல்லையேல் பால் அந்தச் சரிவில்லாத குழல் வழியே நடுச்செவிப் பக்கம் போகும். ஆறு மாதத்திற்குப் பின் ரப்பர் சூப்பானைக் குறைப்பது நல்லது. பச்சைக்குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் வாயால் ஊதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்; ஊதுபவரின் வாயில் உள்ள கிருமிகள் நேரே உள்ளே செல்கின்றன. பீடி, சிகரெட் புகையும் விறகடுப்புப் புகையும் குழந்தையின் மூக்கையும் குழலையும் வீங்கச் செய்கின்றன. குளித்ததும் தலை காயப் போடும் சாம்பிராணியும் புகைதான். இதைச் சொன்னபோது அப்பாயிக்கு எண்ணெயை விட்டதைவிட அதிக வருத்தம்!

தடுப்பூசியும் உண்டு. காது நோய் உண்டாக்கும் கிருமிகளுள் முதன்மையானது நிமோகாக்கஸ். அதற்கெதிரான தடுப்பூசி 2021ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று முறை. நிமோனியாவுக்காகவே அது முதன்மையாகப் போடப்படுகிறது. காது நோய் முழுவதையும் அது தடுத்துவிடாது. ஆயினும் ஒரு பகுதியைத் தடுக்கிறது.

இனி, எங்களை மிகவும் பாதித்த செய்திக்கு வருகிறோம். சீழ் நின்று, காய்ச்சல் நின்று, எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் நினைக்கும்போதும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் வாரக்கணக்கில் தேங்கி நிற்பதுண்டு. சில குழந்தைகளுக்கு அது பசை போலக் கெட்டியாகிவிடும். வலி இல்லை, சீழ் இல்லை, வெளியே எந்த அடையாளமும் இல்லை. காது மட்டும் மந்தமாகிவிடுகிறது. இதைப் படிக்கும் சகோதரியே, இரண்டு காதுகளையும் விரலால் இறுக அடைத்துக்கொண்டு, அருகில் இருக்கும் தோழியை மெதுவாகச் சில சொற்களைச் சொல்லச் சொல். குரல் கேட்கும், சொல் விளங்காது. உயிரெழுத்துகளின் ஓசை உரக்க ஒலிப்பதால் காதில் விழுந்துவிடும்; க, ச, த, ப ஆகியவற்றின் மெல்லிய வேறுபாடு விழாது. கல், பல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். எங்கள் தம்பி தட்டுக்குச் சட்டை கொண்டு வந்தது குறும்பினால் அன்று. அவனுக்குக் கேட்டது அவ்வளவுதான்.

இன்னொன்றும் புரிந்தது. இந்தக் காது மந்தம் நாளுக்கு நாள் மாறும். ஒருநாள் நன்றாகக் கேட்கும், மறுநாள் கேட்காது. அதனால்தான், "நேத்து கேட்டுச்சே, இன்னைக்கு மட்டும் கேக்கலையாக்கும்" என்று அவனை நாங்கள் நம்ப மறுத்தோம். பேசப் பழகும் வயதில் சொற்கள் அரைகுறையாக விழுந்தால் பேச்சும் அரைகுறையாகவே வரும். வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளை கவனம் இல்லாதவன், மந்தபுத்தி, அடங்காதவன் என்றெல்லாம் பெயர் வாங்கும். நம் பள்ளியின் சிறிய வகுப்புகளில்கூட அப்படி ஒரு தங்கை கடைசி வரிசையில் இருக்கக்கூடும். அவளுக்குப் பின்னால் நின்று, உதடு தெரியாமல், மெதுவான குரலில் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். திரும்பாவிட்டால் வீட்டில் சொல்லுங்கள்.

நீர் தேங்கிய காதுக்குப் பெரும்பாலும் அவசர மருத்துவம் தேவையில்லை. பல குழந்தைகளுக்கு மூன்று மாதத்திற்குள் தானே வற்றிவிடும். வற்றாவிட்டால் செவித்திறன் சோதனை செய்து பார்ப்பார்கள். தேவையானால் செவிப்பறையில் நுண்ணிய துளையிட்டு, மணி அளவுள்ள சிறு குழாயைப் பொருத்துவதும், பெருத்த அடினாய்டுச் சதையை நீக்குவதும் உண்டு. அதுவரை அந்தக் குழந்தையிடம் முகம் பார்த்து, அருகில் நின்று, சற்று நிதானமாகப் பேச வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பெரும் பணம் வேண்டுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. 2006-07இல் மத்திய அரசு தேசிய காது கேளாமைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2013இல் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தில் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும். அவர்கள் பார்க்கும் நோய்களின் பட்டியலில் காதுச்சீழும் செவித்திறன் குறைவும் இருக்கின்றன. அந்த நாளில் பிள்ளையை ஊருக்கு அழைத்துப் போய்விடாமல் இருந்தால் போதும். புதுக்கோட்டையில் 2017ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கீரனூரிலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் புதுக்கோட்டைக்கும் போகலாம், திருச்சிக்கும் போகலாம். ஆண்டுதோறும் மார்ச் 3ஆம் நாளை உலக செவித்திறன் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 3.3 என்று எழுதினால் இரண்டு காதுகள் போலத் தோன்றும் என்பதால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்களாம்.

எங்கள் தம்பி இப்போது முதல் வகுப்பில் படிக்கிறான். வலக் காதில் நீர் வற்றிவிட்டது. இடக் காதின் ஓட்டை சிறிதாகியிருக்கிறது, இன்னும் மூடவில்லை. மூடாவிட்டால் சற்று வளர்ந்தபின் சிறு அறுவையின் மூலம் மூடலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். அவன் வகுப்பில் அம்மா சென்று சொல்லி, வலக் காது ஆசிரியை பக்கம் இருக்கும்படி முன் வரிசையில் இடம் வாங்கியிருக்கிறார். இந்த ஆண்டு நாட்காட்டியில் 'கா' இதுவரை ஒரே ஒரு முறைதான் விழுந்திருக்கிறது, ஆடி மாதத்தில், இடப்பக்கம். நாங்கள் காதைத் திருகியது அவனுக்கு நினைவில்லை என்கிறான். தட்டை எடுத்து வரச் சொன்னால் தட்டையே எடுத்து வருகிறான். சில சமயம் வேண்டுமென்றே சட்டையை எடுத்து வந்து சிரிக்கிறான்.